தகப்பன் ஆளாத நாட்டுக்கு மகன் வாரிசான கதை: வேல்ஸ் இளவரசர் கிரிஃபித் அப் கனனின் பிறப்பும் வளர்ப்பும்

வெல்ஷ் மொழியில் ஒருவரை அடையாளம் சொல்லத் தகப்பன் பெயர் வேண்டும். ‘அப்’ என்றால் மகன். கிரிஃபித் அப் கனன் என்றால் கனனின் மகன் கிரிஃபித். ஆனால் இவர் முதன்முதலாக வரலாற்றுக்குள் நுழையும் 1075-ஆம் ஆண்டுக் குறிப்பில், வேல்ஸின் பழைய ஆண்டுக்குறிப்பு நூல் இவரை அப்படி அழைக்கவில்லை. ‘யாகோவின் பேரன் கிரிஃபித்’ என்கிறது. தகப்பனைத் தாண்டிப் பாட்டனின் பெயரைப் பிடித்துக்கொள்கிறது.

அந்த ஒரு சொல்லிலேயே இவருடைய சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. பாட்டன் யாகோ அரசர். பேரன் கிரிஃபித் அரசராக விரும்புகிறவர். நடுவில் நிற்கும் கனன் ஒருநாளும் ஆண்டதில்லை. வடமேற்கு வேல்ஸின் க்வினெத் நாட்டில் அவரை அறிந்தவர்களே குறைவு. பாட்டன் கொல்லப்பட்டு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் கப்பலில் வந்திறங்கி ‘இது என் நாடு’ என்கிறார். அந்த ஊர்க்காரர்கள் அதை ஏன் நம்ப வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு நூல் எழுதப்பட்டது. இடைக்கால வேல்ஸ் அரசர்களில் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டவர் கிரிஃபித் ஒருவர்தான். அவர் 1137-இல் இறந்தபின், மகன் ஒவைன் க்வினெத்தின் ஆட்சியில், இலத்தீன் மொழியில் அது உருவானது. பிறகு வெல்ஷ் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. மூல இலத்தீன் அழிந்துவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பால் ரசல் என்ற அறிஞர் பிற்காலக் கையெழுத்துப் படி ஒன்றிலிருந்து அதை மீட்டு 2005-இல் பதிப்பித்தார். கிரிஃபித்தின் பிறப்பு, வளர்ப்பு பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த நூல் தருவதுதான். மகனுடைய அரியணையைத் தாங்க எழுதப்பட்ட நூல் என்பதை மறக்காமல்தான் அதை வாசிக்க வேண்டும். அப்படி வாசிக்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: நூல் தந்தைவழியைத்தான் உரிமையாக முன்வைக்கிறது. ஆனால் கிரிஃபித்தை உண்மையில் அரசராக்கியது தாய்வழி.

முதலில் தந்தைவழி. க்வினெத்தின் பழைய அரச குலம் ஒன்பதாம் நூற்றாண்டில் மெர்வின் விரிக் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் மகன் ரோட்ரி. 878-இல் இறந்த இவரைப் பின்வந்தோர் ‘மாவுர்’, அதாவது ‘பெரியவர்’ என்று போற்றினார்கள். அந்தக் குலத்தின் ஆண்வழியில் வந்தவர் யாகோ. 1023-இல் அரசரான அவர் 1039-இல் கொல்லப்பட்டார். அடுத்து நாட்டைப் பிடித்தவர் கிரிஃபித் அப் லிவெலின். நம் கிரிஃபித்துக்கும் இவருக்கும் பெயர் ஒன்று, குலம் வேறு. பழைய அரச குலத்தோடு இவருக்கிருந்த உறவு தாய் அங்காரத் வழியாக வந்தது. இருந்தாலும் வாள்வலியில் இவருக்கு நிகரில்லை. வேல்ஸ் முழுவதையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்த ஒரே அரசர் இவர்தான்.

இங்கே வேல்ஸின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே தகப்பன் நிலம் மகன்கள் எல்லோருக்கும் பங்காகும். அரியணை ஒருவருக்குத்தான். ஆனால் ‘மூத்த மகனுக்கே’ என்ற உறுதியான விதி கிடையாது. அரச குலத்தில் பிறந்த ஆண்மகன் எவனும் உரிமை கேட்கலாம். ஆகவே ஒவ்வோர் அரசனுக்கும் முதல் பகைவன் அவனுடைய பங்காளியே. அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று ஒருவரையொருவர் கொன்றதும், கண்ணைப் பறித்ததும், ஆண்மையை அழித்ததும் அந்தக் கால ஆண்டுக்குறிப்புகளில் அடுத்தடுத்து வருகின்றன. கண்ணிழந்தவன் படை நடத்த மாட்டான். ஆண்மையிழந்தவனுக்கு வாரிசு வராது. கொடூரம்தான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. இப்படிப்பட்ட நாட்டில் கொல்லப்பட்ட அரசனின் மகன் உயிரோடிருக்க வேண்டுமானால் எட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். யாகோவின் மகன் கனன் கடலைக் கடந்து டப்ளின் போனார்.

டப்ளினைத் தேர்ந்ததில் வியப்பில்லை. க்வினெத்தைச் சேர்ந்த ஆங்கிள்சீ தீவின் மேற்குக் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காற்று ஒத்துழைத்தால் ஒரு நாள் பயணம். மலைகளைத் தாண்டித் தென்வேல்ஸ் போவதைவிட இது எளிது. அந்நாளில் கடல்தான் பெருவழி. டப்ளினோ ஸ்காண்டிநேவியர் அமைத்த துறைமுக நகரம். அங்கே வெள்ளி புழங்கியது, கப்பல் கட்டும் மரம் கிடைத்தது, கூலிக்குப் போர் செய்யும் ஆட்கள் கிடைத்தார்கள். அடிமைச் சந்தையும் இருந்தது. வேல்ஸ் கரையில் பிடிபட்டவர்கள் அங்கே விற்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். க்வினெத் மக்களுக்கு டப்ளின் என்ற பெயர் அடைக்கலத்தை மட்டும் நினைவூட்டவில்லை.

அந்த நகரத்தின் கப்பல்கள் எப்படியிருந்தன என்பதற்கு நம்மிடம் கண்கூடான சான்று உண்டு. டென்மார்க்கின் ரோஸ்கில்டே கடற்கழியிலிருந்து எடுக்கப்பட்ட பழைய கப்பல்களில் ஒன்று சுமார் 30 மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல். அதன் மரவளையங்களை ஆராய்ந்தபோது அது அயர்லாந்தின் ஓக் மரம் என்றும், டப்ளின் பகுதியில் 1042-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது என்றும் தெரியவந்தது. ஏறத்தாழ அறுபது பேர் துடுப்புப் போடும் கப்பல் அது. கனன் தஞ்சம் புகுந்தது இத்தகைய கப்பல்களைக் கட்டிய ஊரில்.

அங்கே அவர் மணந்த பெண் ராக்னில்ட். டப்ளின் அரசர் சிட்ரிக்கின் பேத்தி. ‘பட்டுத்தாடி’ என்று பட்டப்பெயர் பெற்ற இந்தச் சிட்ரிக் சாதாரண ஆளல்ல. அயர்லாந்தில் முதன்முதலில் நாணயம் அடித்தவர் அவர். ரோமுக்கு யாத்திரை போய்வந்து, டப்ளினில் கிறிஸ்து தேவாலயத்தை நிறுவியவரும் அவரே. அவருடைய மகன் ஓலாஃப், 1034-இல் தானும் ரோமுக்குப் புறப்பட்டு, வழியில் இங்கிலாந்தில் கொல்லப்பட்டார். ராக்னில்ட் அந்த ஓலாஃபின் மகள்.

ஓலாஃபின் தாய் ஸ்லானி என்றும், அவர் அயர்லாந்தின் பேரரசர் பிரையன் போருவின் மகள் என்றும் நூல் சொல்கிறது. இந்த உறவை நின்று பார்க்க வேண்டும். 1014-இல் டப்ளினுக்கு அருகே கிளாண்டார்ஃபில் நடந்த பெரும்போரில் ஒரு பக்கம் பிரையன். எதிர்ப்பக்கத்தில் அவருடைய சொந்த மருமகன் சிட்ரிக். சிட்ரிக்கின் தாய் கோர்ம்லாவும் ஒருகாலத்தில் பிரையனுக்கு மனைவியாயிருந்தவர். மாமனும் மருமகனும் மோதிய அந்தப் போரில் பிரையன் உயிரிழந்தார். இரு தரப்பின் இரத்தமும் ராக்னில்டிடம் கலந்து, அவர் வழியாக கிரிஃபித்திடம் வந்தது. ராக்னில்டின் தாய் லென்ஸ்டர் அரச குலத்தவர். போதாததற்கு, ஒருதாய் மக்களாக அல்ஸ்டர் அரச குலத்தில் கிரிஃபித்துக்குச் சகோதரர்களும் இருந்ததாக நூல் குறிப்பிடுகிறது. பிரையனின் மன்ஸ்டர், லென்ஸ்டர், அல்ஸ்டர், டப்ளின் என்று அயர்லாந்தின் எந்தக் கதவைத் தட்டினாலும் உறவு சொல்லி உள்ளே போகக்கூடிய பிள்ளை அவர்.

1055-ஐ ஒட்டி கிரிஃபித் டப்ளினில் பிறந்தார். இறந்தபோது வயது 82 என்று நூல் சொல்வதிலிருந்து கணக்கிட்டதுதான் இந்த ஆண்டு. வளர்ந்த இடம் ஸ்வோர்ட்ஸ். இன்று டப்ளின் விமான நிலையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர். அன்று புனித கொலம்சில் பெயரால் விளங்கிய மடத்தைச் சுற்றி அமைந்திருந்தது. தாய் வசித்த இடத்திலிருந்து மூன்று மைல் என்று நூல் கணக்குச் சொல்கிறது. பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து வேறொரு குடும்பத்தில் வளர்ப்பது அயர்லாந்து, வேல்ஸ் இரண்டிலும் உயர்குடியினரின் வழக்கம். வளர்ப்புத் தந்தையின் பாசம் பெற்ற தகப்பனின் பாசத்துக்குச் சற்றும் குறைந்ததாகக் கருதப்படவில்லை. கிரிஃபித்தின் வளர்ப்புத் தந்தை பெயர் கேரித். பின்னால் இவர் மீண்டும் வருவார்.

ஸ்வோர்ட்ஸுக்கு இன்னொரு நினைவும் உண்டு. கிளாண்டார்ஃபில் விழுந்த பிரையன் போருவின் உடலை ஆர்மாவுக்கு எடுத்துச் சென்றபோது முதலில் இளைப்பாற்றியது இந்த மடத்தில்தான் என்பது மரபு. ஏறக்குறைய நாற்பதாண்டு கழித்து அவருடைய கொள்ளுப்பேத்தியின் மகன் அதே மடத்தின் நிழலில் வளர்ந்தான்.

இனி, நூலில் என் மனத்தை மிகவும் தொட்ட இடம். தகப்பன் யார், எப்படிப்பட்டவர், எவ்வளவு பெரிய நாடு அவருக்கு உரியது, எத்தகைய கொடியவர்கள் அதில் இப்போது குடியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் தாய் தன் மகனுக்கு நாள்தோறும் சொல்லிவந்தாராம். அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பையன் வருந்தினான், நாள் முழுக்கச் சிந்தனையில் ஆழ்ந்தான் என்கிறது நூல். இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. க்வினெத்தை அறிந்திருந்தவர் கனன். ராக்னில்டோ டப்ளின்காரி. அப்படியிருந்தும் கதை சொல்வது தாய்தான். தகப்பனின் குரல் அந்தப் பிள்ளைப்பருவத்தில் எங்குமே கேட்பதில்லை. கணவன் ஆளாத நாட்டைப் பற்றி, அவனிடமிருந்து கேட்டதை ஒரு மனைவி மகனுக்குக் கைமாற்றித் தருகிறாள். கிரிஃபித்துக்கு க்வினெத் என்பது முதலில் கண்ணால் கண்ட நிலமல்ல, தாயின் வாய்மொழி.

அந்தப் பையன் பல மொழிகளில் தேர்ந்தவராக வளர்ந்தார் என்று நூல் பிற்பாடு அவருடைய தோற்றத்தை விவரிக்கும்போது சொல்கிறது. மஞ்சள் முடி, வட்ட முகம், பெரிய கண்கள், அழகான புருவம் என்று வரிசைப்படுத்தும் வருணனையின் ஊடே வருகிறது இது. முகத்துதி என்று தள்ளிவிடலாம். ஆனால் ஸ்காண்டிநேவிய மொழி பேசும் நகரத்தில் பிறந்து, ஐரிஷ் மடத்தருகே வளர்ந்து, வெல்ஷ் பேசுகிறவர்களிடம் ஆட்சி கேட்கப்போகிற ஒருவருக்குப் பன்மொழி தெரியாமல் முடியாது. அந்தச் சொல்லை நான் நம்புகிறேன்.

நூலின் தொடக்கத்தில் வரும் கொடிவழிப் பட்டியல்கள் நீளமானவை. இன்றைய வாசகர் தாண்டிப் போய்விடுவார். நூலாசிரியருக்கோ அவைதான் ஆதாரம். தந்தைவழியில் கனன், யாகோ என்று ஏறி, ரோட்ரியையும் மெர்வினையும் கடந்து, ட்ராய் நகரத்து ஈனியஸ், பிறகு நோவா, கடைசியில் ஆதாம் வரை பட்டியல் போகிறது. ஆதாமுக்கு அப்பன் கடவுள். தாய்வழியில் நார்வேயின் முதல் பேரரசர் ஹரால்ட் வரை ஏறுகிறது. அங்கே நூலாசிரியர் ஒரு காரியம் செய்கிறார். நார்மண்டியை வென்ற ரோலோவை ஹரால்டின் சகோதரர் என்கிறார். ரோலோவின் வழிவந்தவர்தான் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம். ஆக, கிரிஃபித்தும் இங்கிலாந்தின் நார்மன் அரசர்களும் ஒரே குலத்துப் பங்காளிகள்! வரலாற்றுப்படி இந்தச் சகோதர உறவு நிற்காது. ஆனால் 1130-களுக்குப் பின் நார்மன் அரசரோடு பேச்சு நடத்த வேண்டியிருந்த ஒவைன் க்வினெத்துக்கு, ‘நாங்கள் உங்களுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, உங்களுக்குச் சமமான இரத்தம்’ என்று சொல்ல இதைவிட நல்ல கருவி இல்லை. அக்காலத்தில் கொடிவழி என்பது இறந்தோர் பட்டியலல்ல. உயிரோடிருப்பவர்களின் வழக்கு மன்ற ஆவணம்.

கடலுக்கு அப்பாலிருந்து சீறிப் பாய்ந்து வருபவன் ஒருவனைப் பற்றி, பழங்கதைகளில் வரும் தீர்க்கதரிசி மெர்லின் முன்னறிவித்ததாக ஒரு வாசகத்தையும் நூல் எடுத்துக்காட்டி, அவன் கிரிஃபித்தே என்கிறது. வெளியூரில் பிறந்தது குறையல்ல, விதிக்கப்பட்டது என்று காட்டுவதற்காகத்தான்.

இதற்கிடையில் வேல்ஸில் ஆட்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். பாட்டன் நாட்டைப் பிடித்த கிரிஃபித் அப் லிவெலின் 1063-இல் இங்கிலாந்துப் படையின் நெருக்கடியில் சிக்கிக் கொலையுண்டார். அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு, அவரைக் கொன்றவர் யாகோவின் மகன் என்கிறது. அது உண்மையானால், நாடற்றுப் போன கனன் ஒருமுறையாவது தகப்பனுக்காகப் பழிதீர்த்திருக்கிறார். ஆனால் ஆட்சி அவர் கைக்கு வரவில்லை. இங்கிலாந்து அரசர், இறந்தவரின் ஒருதாய்ச் சகோதரர்களான பிளெத்தின், ரிவாலன் இருவரையும் அமர்த்தினார். 1075-இல் பிளெத்தினும் தென்வேல்ஸில் கொல்லப்பட, உறவினர் ட்ரஹாயர்ன் க்வினெத்தைப் பிடித்தார். அவரும் பழைய குலத்தின் ஆண்வழி வாரிசல்ல. யாகோவுக்குப் பிறகு முப்பத்தாறு ஆண்டுகளாக அரியணையில் இருந்த எவருமே அந்த ஆண்வழியில் வந்தவர்களல்ல. ‘முறையில்லாத அரசர்கள்’ என்று நூல் திரும்பத்திரும்பச் சொல்வது இதனால்தான்.

அந்த 1075-இல், ஏறக்குறைய இருபது வயதில், கிரிஃபித் கப்பலேறினார். இறங்கிய இடம் அபர்மெனாய். ஆங்கிள்சீ தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள நீரிணையின் தெற்கு வாயில். தாய் சொல்லக் கேட்ட மண்ணில் அவர் கால் வைத்த முதல் இடம் அதுதான் என்று கொள்ளலாம்.

இறங்கியவுடன் தூதர்களை அனுப்பி, தான் இன்னார் பேரன், உரிமை கேட்டு வந்திருக்கிறேன் என்று ஆங்கிள்சீ, ஆர்வோன், லீன் பகுதி மக்களுக்குச் சொல்லியனுப்பினார். சிலர் வந்து சேர்ந்தார்கள். பிறகு செய்தது துணிச்சலான காரியம். வடகரையில் ரிட்லான் கோட்டையில் அமர்ந்திருந்த நார்மன் தலைவர் ராபர்ட்டிடமே போய் உதவி கேட்டார். ராபர்ட்டும் ஆட்கள் கொடுத்தார்.

அந்தக் கோட்டையில்தான் டாங்விஸ்டில் என்ற பெண் அவரைச் சந்திக்கிறாள். அறிவுக்குப் பெயர்பெற்றவள், அவருக்கு உறவுமுறையும்கூட. பழைய அரசர் கிரிஃபித் அப் லிவெலினின் கருவூலக் காப்பாளருடைய மனைவி. இவர் அரசராவார் என்று வாழ்த்தி, அந்தப் பழைய அரசரின் மேலாடையிலிருந்து தைத்த சட்டையை அவருக்குக் கொடுக்கிறாள். யாருடைய எழுச்சியால் கனன் நாடிழந்து நின்றாரோ, அந்த அரசரின் துணி இப்போது கனனின் மகன் தோளில். குலம் வேறாக இருக்கலாம், ஆனால் வேல்ஸ் முழுவதையும் ஆண்டவரின் நினைவு மக்கள் மனத்தில் பெரிது. நூலாசிரியர் அதையும் தம் நாயகனுக்குச் சேர்த்துவிடுகிறார்.

தொடக்கத்தில் வெற்றி. லீனில் எதிராளி ஒருவர் வீழ்த்தப்பட்டார். மெரியோனித்தில் நடந்த போரில் ட்ரஹாயர்ன் தோற்றோடினார். அந்த இடத்துக்கு ‘குருதி வயல்’ என்ற பொருளில் பெயர் நிலைத்தது. பிறகு சரிவு. டப்ளினிலிருந்து கூட வந்த வீரர்கள் லீன் மக்களின் வீடுகளில் தங்கியிருந்தார்கள். ஒரிரவு அந்த மக்களே எழுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 52 பேரைக் கொன்றார்கள். நூலாசிரியர் இதைத் துரோகம் என்கிறார். எனக்கு வேறாகத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கப்பலில் வந்து தங்கள் பிள்ளைகளைப் பிடித்துப்போன ஊர்க்காரர்கள் இப்போது தங்கள் கூரைக்கடியில், தங்கள் சோற்றைத் தின்றுகொண்டு இருக்கிறார்கள். வந்தவர் யாகோவின் பேரன் என்பது அந்தக் குடியானவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்?

ட்ரஹாயர்ன் திரும்பி வந்தார். அதே 1075-இல், கிளினாக் ஊருக்கு மேலே ப்ரோன் இர் எரு என்ற இடத்தில் கிரிஃபித் முறியடிக்கப்பட்டார். வளர்ப்புத் தந்தை கேரித் அங்கே விழுந்தார். கிரிஃபித் கடல்நாய்கள் வாழும் சிறு தீவொன்றுக்குத் தப்பி, அங்கிருந்து அயர்லாந்துக்குத் திரும்பினார். மீண்டும் ஒரு கப்பற்படையோடு வந்தபோது, கூட்டி வந்த டேனியர்களே ஆங்கிள்சீயைச் சூறையாடி, ஆட்களையும் பொருளையும் ஏற்றிக்கொண்டு, கிரிஃபித்தையும் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். தாய்வழியின் பலமும் அதன் விலையும் ஒன்றாகத் தெரியும் இடம் இது. அந்தக் கப்பல்கள் இல்லாமல் அவர் வந்திருக்கவே முடியாது. அந்தக் கப்பல்களோடு வந்ததால்தான் அவரை ஏற்க மக்கள் தயங்கினார்கள்.

1081-இல் வேறு வழி பிடித்தார். அயர்லாந்துப் படையோடு தென்மேற்கில் புனித டேவிட் தலத்தருகே இறங்கி, தென்வேல்ஸ் அரசர் ரீஸ் அப் டியூடருடன் கைகோத்தார். ரீஸும் மெர்வின் குலத்தின் ஆண்வழி வாரிசு, அவரும் நாடிழந்து நின்றவர். மினித் கார்ன் போரில் ட்ரஹாயர்ன் கொல்லப்பட்டார். ஒரே நாளில் வடக்கிலும் தெற்கிலும் பழைய குலம் திரும்பி வந்தது.

ஆனால் கிரிஃபித்துக்கு அது நிலைக்கவில்லை. மெரியோன் கோச் என்பவன் நயமாகப் பேசி, கார்வெனுக்கு அருகே ரூக் என்ற இடத்துக்கு அழைத்துப்போய்ச் செஸ்டர் பிரபு ஹியூவிடம் சிக்கவைத்தான். பல ஆண்டுகள் செஸ்டரில் விலங்கிட்ட சிறை. ஊர்ச் செல்வர்கள் விருந்தில் மூழ்கியிருந்த நேரத்தில் கின்ரிக் என்ற நெட்டை இளைஞன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினான் என்கிறது நூல். 1098-இல் மீண்டும் அயர்லாந்துக்கு ஓட்டம், 1099-இல் திரும்பி வந்து ஆங்கிள்சீயில் காலூன்றல். நாற்பதைக் கடந்த பிறகுதான் அவருக்கு நிலையான ஆட்சி அமைந்தது. அடுத்த நாற்பதாண்டு வாழ்க்கை வேறொரு கட்டுரைக்கு உரியது. அதில் சண்டை குறைவு, பொறுமை அதிகம்.

பிற்கால வேல்ஸ் அவருடைய அயர்லாந்துப் பிறப்பை வேறு விதமாக நினைவில் வைத்துக்கொண்டது. 1523-இல் கைர்விஸ் ஊரில் கூடிய பாணர்களும் யாழிசைஞர்களும் தங்கள் தொழில் விதிகளுக்கு ‘கிரிஃபித் அப் கனன் சட்டம்’ என்று பெயரிட்டார்கள். அயர்லாந்திலிருந்து இசைவாணர்களைக் கூட்டி வந்தவர் அவர் என்று நம்பினார்கள். ஒருகாலத்தில் அவர்மேல் ஐயத்தைக் கிளப்பிய அதே கடல்வழி, பெருமைக்குரியதாகிவிட்டது.

1137-இல், கண்பார்வை இழந்த முதியவராகப் படுக்கையில் கிடந்த கிரிஃபித் தம் சொத்துகளைப் பிரித்துக் கொடுத்தார். பாங்கோர் தேவாலயத்தில் அடக்கம் செய்யச் சொன்னார். மனைவி அங்காரத்துக்கு விட்டுச் சென்றவற்றில் அபர்மெனாய் துறையின் வருவாயும் இருந்தது. தேவாலயங்களுக்கான காணிக்கைப் பட்டியலில் டப்ளினின் கிறிஸ்து தேவாலயத்துக்கு 20 ஷில்லிங் எழுதப்பட்டது. அவர் பிறந்து வளர்ந்த ஊர் என்பதைக் காரணமாக நூல் சொல்கிறது. அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர் அவருடைய தாயின் பாட்டன்.